கடற்கரை நினைவுச் சின்னமும் நமது கடமையும்

 

அஸர் தொழுதபின் கடற்கரையில் உலவச் செல்லும் நாம், குபேர் சாலையிலுள்ள போர் நினைவுச் சின்னத்தைப் பலமுறை கடந்திருக்கின்றோம். 1914-1918 முதல் உலகப் போரில் தாயகத்திற்காக உயிர்நீத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கு என்னும் பொருளில் அதில் பிரெஞ்சு வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. 1938இல் அது திறந்துவைக்கப்பட்டது. போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11இல் ஆண்டுதோறும் அங்கே மலர்வளையம் வைக்கப்படுகின்றது. அந்நாளையொட்டி இங்கிலாந்தில் சிவப்புப் பாப்பி மலரையும், பிரான்சில் 'ப்லுவே' என்னும் நீல மலரையும் சட்டையில் அணிவர். குண்டுகளால் சிதைந்த போர்க்களங்களிலும் பூத்த காட்டு மலர்கள் இவை.

பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்தோரைச் 'சொல்தா' என்றழைக்கும் நம்மூருக்கு இவ்வரலாறு அந்நியமன்று. ஆயினும், "இவ்வாறு நினைவுகூர மார்க்கத்தில் இடமுண்டா?" என இளைஞர்கள் நம்மிடம் வினவுகின்றனர்.

முதலில் வரலாற்றை நோக்குவோம். அப்போர் ஆதிக்க நாடுகளின் போட்டியால் மூண்டது. உஸ்மானியப் பேரரசு எதிரணியில் நின்றமையால், பிரெஞ்சு, ஆங்கிலேயப் படைகளில் இருந்த முஸ்லிம்கள் முஸ்லிம்களுக்கு எதிராகவே ஆயுதம் ஏந்தவும் நேர்ந்தது. பிரான்சுக்காக மடிந்த முஸ்லிம் வீரர்கள் பலரின் கப்ருகள் வெர்தூன் அருகே, தூவோமோனில், கிப்லாவை நோக்கி அமைந்துள்ளன. அவர்களது தியாகத்திற்கு நன்றியாக எழுந்த பாரிஸ் பெரிய பள்ளிவாசல் 1926 ஜூலை 15இல் திறக்கப்பட்டது. அதற்கு இரு மாதங்களுக்கு முன்னர்தான், மொராக்கோவின் ரிஃப் மலைநாட்டில் விடுதலைக்குப் போராடிய அப்துல் கரீம் பிரெஞ்சுப் படையிடம் சரணடைந்திருந்தார். ஒரு கையால் நன்றி. மறு கையால் அடக்குமுறை!

எனவே போரைப் போற்றுவது வேறு. மாண்டோரை மறவாதிருப்பது வேறு. யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்று, அவரும் ஓர் உயிரல்லவா எனக் கேட்டதை ஹதீஸ் நூல்களில் ஓதியுள்ளோம். மனித உயிருக்கு அளித்த அம்மதிப்பே நமக்கு வழிகாட்டி. கல்லை வணங்குவதில்லை, பிறர் செலுத்தும் மரியாதையை இகழ்வதுமில்லை. நம்மவருள் மரித்தோருக்கு நாம் அளிக்கும் மலர், மஃக்பிரத் வேண்டும் துஆவேயாகும்.

இன்னொரு கடமையும் உண்டு. படையில் பணிபுரிந்த முன்னோரின் புகைப்படமோ குறிப்பேடோ உங்கள் இல்லங்களில் இருப்பின், அவர்கள் எங்கே சென்றனர், என்ன துன்புற்றனர் என்பதைப் பெரியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். கல் பேசாததைப் பேரர்களுக்கு நாமே சொல்ல வேண்டும்.

மரித்தோரின் பிழைகளை வல்ல ரஹ்மான் பொறுத்தருள்வானாக! நம் பிள்ளைகளைப் போரின் தீங்கிலிருந்து காப்பானாக! ஆமீன்.