வைக்கோல், உமி, சிலிக்கா: மட்டக்களப்பின் கைத்தொழில் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

மட்டக்களப்பு வாவியின் மேற்கே விரியும் படுவான்கரை நெல் விளையும் நிலம். அறுவடையின் பின் எஞ்சும் வைக்கோலும் உமியும் பெரும்பாலும் கழிவெனவே கொள்ளப்படுகின்றன. ஆயினும், உமிக்கரியாற் பல் துலக்கிய நம் முன்னோர் அதனுள் உறைந்த வன்மையை அனுபவத்தால் அறிந்திருந்தனர். அவ்வன்மை சிலிக்காவினது. இக்கழிவு மூலப்பொருளாக மாறிய வரலாற்றை ஈண்டுச் சுருங்க நோக்குவோம்.

முதற்கட்டம் வாழைச்சேனைக் காகித ஆலை. 1950களின் நடுப்பகுதியில் அரசு நிறுவிய அவ்வாலை வைக்கோலைக் கூழாக்கியது. காகிதத் தொழிலுக்கு வேண்டிய எரிசோடாவும் குளோரீனும் ஆனையிறவு உப்பிலிருந்து பரந்தனில் உற்பத்தியாயின. உழவர், உப்பளத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் ஆகியோரின் உழைப்பு ஒரே சங்கிலியிற் பிணைந்தது. பின்னாளிற் போர் அச்சங்கிலியை அறுத்தது. ஆயின் வைக்கோற் கூழ்த்தொழிலுக்கே உரிய ஒரு முரண்பாடும் இருந்தது. வைக்கோலை எரிசோடாவில் அவிக்கும்போது சிலிக்காவும் கரைகிறது. பின்னர் அது ஆவியாக்கும் கலங்களிற் படிந்து, சோடாவை மீட்பதைக் கடினமாக்குகிறது. காகிதத்துக்குச் சிலிக்கா பகை.

அப்பகையே பிறிதொரு தொழிலுக்கு மூலதனம். 1756இல் சுவீடன் நாட்டு அறிஞர் குறொன்ஸ்ரெட், சூடாக்கியபோது நுரைத்த ஒரு கனிமத்துக்குக் 'கொதிக்குங் கல்' எனப் பொருள்படச் சியோலைற்று என்று பெயரிட்டார். சிலிக்காவும் அலுமினாவும் இணைந்த, மூலக்கூறளவான துளைகளையுடைய பளிங்கு இது. 1960களிலிருந்து பெற்றோலியச் சுத்திகரிப்பில் ஊக்கியாகப் பயன்படுகிறது. இதனை நீர்க்கலவையில், மூடிய அழுத்தக் கலத்தில், பல மணி நேரமோ பல நாட்களோ சூடாக்கி ஆக்குவது வழக்கம். நுண்ணலையோ நீர் மூலக்கூறுகளையும் அயன்களையும் நேரே அசைத்துக் கலவையை உள்ளிருந்தே சூடேற்றுவதால், அக்காலம் பெரிதுங் குறுகுகிறது. 1988இல் மோபில் நிறுவனம் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றது. 2012இற் சீனத்துச் செச்சியாங் பல்கலைக்கழக ஆய்வாளர், திண்மப் பொருட்களை அரைத்துக் கலந்து, கரைப்பானின்றியே சியோலைற்றை ஆக்கிக் காட்டினர். பின்னர் இவ்விரு வழிகளும் இணைக்கப்பட்டன.

ஒரு தொன் நெல்லில் ஏறத்தாழ 200 கிலோகிராம் உமி. அதனை எரித்தால் ஏறத்தாழ 40 கிலோகிராம் சாம்பல். அதிற் பெரும்பகுதி சிலிக்கா. 700 பாகை செல்சியசுக்கு உட்பட்ட வெப்பத்தில் எரித்தாலே அது எளிதில் தாக்கமுறும் நிலையில் இருக்கும்; வெப்பம் மிகின் இறுகிப் பளிங்காகிவிடும். அலுமினாவுக்குப் பொரலஸ்கமுவ வெண்களி உண்டு.

ஆகவே மூலப்பொருள் நம்மிடம் இல்லாத ஒன்றன்று. ஆய்வுகூடமும் ஆலையும் வயலும் தம்முள் உறவின்றி இருப்பதே குறை. சாம்பலை மலிவாக ஏற்றுமதி செய்து ஊக்கியை விலைகொடுத்து வாங்கின், பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் பழைய கதையே மீளும். உமியின் பயனில் அதை விளைவித்தவருக்குரிய பங்கு யாது என்ற வினாவுக்கு நுண்ணலை விடை தராது. அதைச் சமூகமே தரவேண்டும்.