சர்க்கரைத் தண்ணீர் ஊசி

வலிக்கிற இடத்தில் புதிதாக ஒரு புண்ணை உண்டாக்கினால் பழைய வலி போய்விடும் என்ற யோசனை மனிதனுக்கு என்றைக்கு உதித்ததோ, யார் கண்டது? எழுத்தில் கிடைக்கும் பழைய சாட்சிகளில் ஒருவர் கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரேட்டஸ். அவர் பெயரால் வழங்கும் மூட்டுகளைப் பற்றிய நூலில், அடிக்கடி தோள் நழுவிப் போகிறவர்களுக்கு ஒரு சிகிச்சை சொல்லப்படுகிறது. அக்குளில் தோலைப் பற்றி இழுத்து, காய்ச்சிய இரும்புக் கம்பியால் சூடு போட வேண்டும். புண் ஆறும்போது தழும்பு இறுகும். எலும்பு நழுவி இறங்கும் வழி அடைபட்டுப் போகும். கம்பி பருமனாக இருக்கலாகாது, செக்கச் செவேலென்று பழுத்திருக்க வேண்டும், அப்போதுதான் காரியம் சட்டென்று முடியும் என்றெல்லாம் விவரம் இருக்கிறது. எனக்கு அதைவிட ரசமாகப் பட்டது மற்ற வைத்தியர்கள் மீது அவர் கொள்ளும் எரிச்சல். தோளின் மேலும் முன்னும் பின்னும் சூடு போடுகிறார்களே, எலும்பு நழுவுவது கீழ்ப்புறமாக அல்லவா என்கிறார். சூடு போடுவதற்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும்!

நம் நாட்டில் சுசுருதர் இதையே அக்கினி கர்மம் என்று ஒரு தனி முறையாக வகுத்தார். தோல், தசை, நரம்பு, நார், மூட்டு, எலும்பு ஆகியவற்றில் வாயுவினால் உண்டாகும் கடும் வலிக்கு நெருப்பே மருந்து. எதைக் கொண்டு சுடுவது என்பது இடத்தைப் பொறுத்தது. தோலுக்கு ஒன்று, தசைக்கு ஒன்று. நாருக்கும் மூட்டுக்கும் எலும்புக்கும் எது தெரியுமா? காய்ச்சிய தேன், வெல்லம், நெய், எண்ணெய். இந்த வெல்லத்தை வாசகர்கள் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க டாக்டர்கள் அதே நாருக்குள் சர்க்கரையைச் செலுத்தப் போகிறார்கள். இவரைப் பார்த்து அவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அது தற்செயல்தான். ஆனால் அழகான தற்செயல்.

மாட்டுக்குச் சூடு இழுப்பது நம் கிராமங்களில் எல்லாரும் கண்டதே. மேல் நாட்டில் பந்தயக் குதிரைகளின் கால் நார் அறுந்தால் இப்படித்தான் சூடு போட்டார்கள். 1983-ல் இங்கிலாந்தில் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்து வெளியிட்டபோது, சூடு போட்டதால் நார் ஒன்றும் விரைவாகவோ உறுதியாகவோ ஆறவில்லை என்று தெரிந்தது. சூடு பட்ட குதிரை பல மாதம் லாயத்தில் ஓய்வாக நிற்கும். அந்த ஓய்வுதான் குணப்படுத்தியது போலும்.

நெருப்பு எப்படி ஊசியாயிற்று என்பதற்கு நடுவில் குடலிறக்க வியாதி ஒன்று வருகிறது. 1830-களில் பாரிஸில் வெல்போவும் பிலடெல்பியாவில் பான்கோஸ்டும், குடல் பிதுங்கி வரும் பைக்குள் அயோடின் போன்ற உறுத்தும் மருந்துகளைச் செலுத்திப் பார்த்தார்கள். உள்ளே புண்ணாகித் தழும்பேறினால் வாசல் அடைபடும் என்பது கணக்கு. பாஸ்டனில் ஜார்ஜ் ஹீட்டன் என்பவர் ஓக் மரப்பட்டைச் சாற்றை ஊசியால் ஏற்றினார். அவருடைய நூல் 1877-ல் வெளிவந்தது. நம் ஊரில் தோல் பதனிட ஆவாரம்பட்டை எப்படியோ அப்படி அந்த நாட்டில் ஓக் பட்டை. உயிருள்ள மனிதனின் வயிற்றுக்குள்ளேயே தோல் பதனிடும் தொழிலை ஆரம்பித்துவிட்டார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். பிறகு இத்தாலியில் பாஸ்ஸினி என்ற ஸர்ஜன் ஒழுங்காகத் தையல் போடும் முறையைக் கண்டதும் இந்த ஊசி மங்கிப் போயிற்று. முற்றிலும் மறையவில்லை.

அதை மூட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு கட்டைவிரல். எர்ல் கெட்னி என்ற அமெரிக்க ஆஸ்டியோபதி டாக்டரின் விரல் ஆஸ்பத்திரிக் கதவில் சிக்கி, மூட்டு தளர்ந்துவிட்டது. ஸர்ஜனுக்குக் கட்டைவிரல் போனால் பிழைப்பே போயிற்று அல்லவா? குடலிறக்கத்துக்குப் போடும் மருந்தைத் தம் விரல் மூட்டிலேயே போட்டுக்கொண்டார். விரல் தேறியது. 1937-ல் தளர்ந்த மூட்டுகளைப் பற்றி எழுதினார்.

கதாநாயகர் என்று சொல்லத்தக்கவர் அடுத்து வருகிறார். ஒஹையோ மாநிலத்தில் காண்டன் என்ற ஊரில் ஸர்ஜனாக இருந்த ஜார்ஜ் ஹாக்கெட். நாட்பட்ட முதுகுவலிக்குக் காரணம் எலும்பை எலும்போடு கட்டியிருக்கும் நார் தளர்ந்து போவதுதான் என்பது அவர் கட்சி. கட்டில் கயிறு தொய்ந்தால் படுப்பவனுக்கு இடுப்பு வலிக்கும். அதுபோல நார் எலும்பில் ஒட்டும் இடத்தில் தொய்ந்தால், ஒவ்வோர் அசைவிலும் அங்குள்ள நரம்பு இழுபட்டு வலிக்கிறது. ஆகவே அந்த இடத்தில் வேண்டுமென்றே ஒரு சிறு ரணத்தை உண்டாக்கு. உடம்பு அதை ஆற்ற ஓடிவரும். வந்ததோடு புது நாரையும் நெய்துவிட்டுப் போகும். இந்த முறைக்கு 'ப்ரோலோதெரபி' என்று பெயர் வைத்தார். சந்ததி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. 1956-ல் அவர் நூல் வெளிவந்தது. முயல்களின் குதிகால் நாரில் ஊசி போட்டதில் நார் 40 சதவிகிதம் பருத்ததென்று எழுதினார். அவர் பயன்படுத்திய மருந்து சில்னசால் என்பது. அது எதிலிருந்து தயாரானது என்கிறீர்கள்? மலச்சிக்கலுக்கு நாம் கரைத்துக் குடிக்கிறோமே இசப்கோல், அந்த இனத்து விதையிலிருந்து!

ஹாக்கெட்டின் காலம்தான் அவருக்கு எதிரியாக அமைந்தது. 1948-ல் மேயோ கிளினிக்கில் ஹென்ச்சும் அவர் சகாக்களும் கார்ட்டிஸோனை முடக்குவாதக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். 1950-ல் ஹென்ச்சுக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. 1951-ல் ஹாலண்டர் அதன் உறவு மருந்தை மூட்டுக்குள்ளேயே ஊசியால் போட்டுக் காட்டினார். இது அழற்சியை அடக்கும் மருந்து. உலகமே அழற்சியை அடக்கு என்று கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில், காண்டன் ஊரிலிருந்து ஒருவர் அழற்சியை உண்டாக்கு என்று சொன்னால் யார் காது கொடுப்பார்கள்?

காது கொடுக்காததற்கு அதைவிடப் பெரிய காரணமும் நேர்ந்தது. 1959-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில், இத்தகைய ஊசியால் ஒரு நோயாளி இறந்த செய்தி வந்தது. அடுத்த ஆண்டே அதே பத்திரிகையில் இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனதைப் பற்றிய செய்தி. முதுகெலும்புக்கு அருகில் போட்ட மருந்து, தண்டுவடத்தைச் சூழ்ந்த உறைக்குள் இறங்கிவிட்டது. நாரைப் புண்ணாக்கும் மருந்து நரம்பை விட்டுவைக்குமா? முதுகுவலி என்று வந்தவர்கள் அவர்கள். சாகிற வியாதியோடு வந்தவர்கள் அல்ல. இந்த வைத்தியத்தை ஆதரித்து எழுதுகிறவர்களில் சிலர் இந்த இரண்டு ஆண்டுகளை ஒரே வரியில் தாண்டிச் செல்வதைப் பார்க்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஹாக்கெட்டின் சீடராக இல்லினாய்ஸில் குஸ்டாவ் ஹெம்வால் இந்த முறையைக் காப்பாற்றி வைத்திருந்தார். சில்னசால் கடைகளிலிருந்து மறைந்தது. அந்த இடத்துக்குச் சர்க்கரைத் தண்ணீர், அதாவது டெக்ஸ்ட்ரோஸ் கரைசல் வந்தது. செறிவான சர்க்கரை பக்கத்திலுள்ள உயிரணுக்களின் நீரை உறிஞ்சி அவற்றை வாட்டும். அந்தச் சேதமே ஆறும் வேலையைத் தூண்டும் என்று விளக்கம் சொன்னார்கள். ஹெம்வாலிடம் ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஒருவர் சாமான்யர் அல்லர். பிலடெல்பியாவில் குழந்தைகளுக்கான அறுவைச் சிகிச்சையில் பேர் பெற்று, 1982 முதல் 1989 வரை அமெரிக்க அரசாங்கத்தின் ஸர்ஜன் ஜெனரலாக இருந்த எவரெட் கூப். நாற்பதாவது வயதில் அவருடைய வலிக்கு இரண்டு நரம்பியல் கிளினிக்குகள் கை விரித்திருந்தன. ஊசியால் குணமடைந்தேன் என்று அவரே எழுதினார். ஆயினும் 1999-ல் முதியோருக்கான அரசாங்கக் காப்புறுதித் திட்டமான மெடிகேர், நாட்பட்ட இடுப்புவலிக்கு இந்த ஊசிக்குப் பணம் தர மறுத்துவிட்டது. போதிய நிரூபணம் இல்லை என்பது காரணம். பெரிய மனிதரின் முதுகு நிரூபணமாகாது என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமே.

சோதனை செய்யாமல் இல்லை. 1987-ல் 'லான்செட்' பத்திரிகையில் ஆங்லி என்பவரும் நண்பர்களும் 81 முதுகுவலிக்காரர்களின் கணக்கை வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 40 பேரில் 35 பேருக்குப் பாதிக்கு மேல் குறைந்தது. உப்புத் தண்ணீர் பெற்ற 41 பேரில் 16 பேருக்கே அப்படி. பிரமாதமாகத் தோன்றுகிறது. ஆனால் மருந்து பெற்றவர்களுக்கு முதுகை அழுத்திச் சொடுக்கும் வைத்தியமும் பலமாக நடந்தது, மற்றவர்களுக்குப் பேருக்குத்தான். வலியைப் போக்கியது ஊசியா, சொடுக்கா?

2004-ல் ஆஸ்திரேலியாவில் யெல்லண்ட் குழுவினர் 110 பேரை வைத்து இன்னும் கவனமாகச் செய்தார்கள். ஒரு பாதிக்குச் சர்க்கரைத் தண்ணீர். மறு பாதிக்கு உப்புத் தண்ணீர். ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தால் முதல் கூட்டத்தில் 46 சதவிகிதம் பேருக்கும் இரண்டாம் கூட்டத்தில் 36 சதவிகிதம் பேருக்கும் வலி பாதிக்கு மேல் குறைந்திருந்தது. இந்த வித்தியாசம் கணக்கியலின் கண்ணுக்கு வித்தியாசமே அல்ல. இங்கேதான் நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். வருஷக்கணக்காக முதுகுவலியில் கிடந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்கு வெறும் உப்புத் தண்ணீரில் பாதி வலி போய்விட்டது! உப்புத் தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை என்பதா? ஊசி குத்தியதே ஒரு சிறு புண்தானே, அது வேலை செய்தது என்பதா? திரும்பத் திரும்ப ஒரு டாக்டர் பரிவோடு முதுகைத் தொட்டுப் பார்த்ததில் பாதி குணமா? மூன்று கட்சிக்கும் ஆள் இருக்கிறார்கள். முழங்கால் விஷயத்தில் சர்க்கரைக்கே வெற்றி. 2013-ல் விஸ்கான்சினில் 90 பேரிடம் நடந்த சோதனையில், சர்க்கரை பெற்றவர்கள் உப்புத் தண்ணீர் பெற்றவர்களை விடவும், வீட்டில் தேகப்பயிற்சி மட்டும் செய்தவர்களை விடவும் தெளிவாகத் தேறினார்கள்.

எதிர்க்கட்சியான கார்ட்டிஸோன் என்னவாயிற்று? டென்னிஸ் எல்போ என்று ஒரு முழங்கை வலி உண்டு. பெயர்தான் டென்னிஸ், துணி பிழிகிறவளுக்கும், என்னைப் போல் எழுதிப் பிழைக்கிறவனுக்கும் வரும். 2013-ல் ஆஸ்திரேலியாவில் 165 பேரிடம் பார்த்ததில், ஓர் ஆண்டு முடிவில் கார்ட்டிஸோன் வகை ஊசி பெற்றவர்களில் 83 சதவிகிதம் பேர் தேறியிருந்தார்கள். பொய் ஊசி பெற்றவர்களில் 96 சதவிகிதம்! உடனடி சுகம் தந்த மருந்து, நாளடைவில் குணத்துக்குக் குறுக்கே நின்றிருக்கிறது. ஹாக்கெட்டின் ஆவிக்கு இது சற்று ஆறுதல் அளித்திருக்கும்.

இப்போது சர்க்கரைக்குப் பதில் ரத்தம் வந்திருக்கிறது. நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியைப் பிரித்து, வலிக்கும் இடத்தில் ஏற்றுவது. பி.ஆர்.பி. என்று சொன்னால் நம் நகரத்து எலும்பு டாக்டர்கள் எல்லாருக்கும் தெரியும். 2009-ல் ஹைன்ஸ் வார்ட் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் பெரிய ஆட்டத்துக்கு முன்னால் முழங்காலில் இதைப் போட்டுக்கொண்டு விளையாடியதும் அதன் புகழ் பரவியது. 2010-ல் நெதர்லாந்தில் குதிகால் நார் வலிக்காரர்கள் 54 பேரிடம் சோதித்தார்கள். உப்புத் தண்ணீரை அது வெல்லவில்லை. 2021-ல் ஆஸ்திரேலியாவில் முழங்கால் தேய்ந்தவர்கள் 288 பேரிடம் சோதித்தார்கள். ஓர் ஆண்டில் வலி, பத்துப் புள்ளி அளவில், ரத்த ஊசிக்காரர்களுக்கு 2.1-ம் உப்புத் தண்ணீர்க்காரர்களுக்கு 1.8-ம் குறைந்தது. குருத்தெலும்பு தேய்வதும் நிற்கவில்லை. வேறு சில சோதனைகள் நல்ல பலன் சொல்கின்றன, சண்டை ஓயவில்லை.

என் பெரியம்மாவுக்கு இந்த ரத்த ஊசி மூன்று போடலாம் என்று ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறார். மூன்றுக்கும் ஆகிற செலவு அவளுடைய பல மாதப் பென்ஷன். "போட்டுக்கட்டுமாடா?" என்று கேட்டாள். காண்டன் ஊரிலிருந்து ஆரம்பித்து 288 பேர் வரை முழுவதையும் சொன்னேன். காலை நீட்டி உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அந்த உப்புத் தண்ணி ஊசியை எந்த ஆஸ்பத்திரியிலே போடுறாங்க?" என்றாள்.

எங்கும் போடமாட்டார்கள், பெரியம்மா. உப்புத் தண்ணீர் என்று தெரிந்து போட்டுக்கொண்டால் அது அவ்வளவு வேலை செய்யுமோ என்னவோ என்றேன். அவளுக்கு அது நியாயமாகப் படவில்லை. தைப்பூசம் கழியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.