அடங்காத் தமிழர்

யாழ்ப்பாணத்தின் கல்விப் பெருமையை எடுத்துரைப்போர், உரும்பிராய் தந்த செல்லப்பா சுந்தரலிங்கத்தை மறத்தல் இயலாது. அவர் வரலாற்றை உரைப்போர், அப்பெருமையோடு கலந்திருந்த சிறுமையை மறைத்தலும் இயலாது.

1895ஆம் ஆண்டிலே பிறந்த இவர், யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியிற் பயின்று, பின்னர் ஒக்ஸ்போட் சர்வகலாசாலையின் பேலியல் கல்லூரியிலே கணிதம் கற்றுச் சிறந்தார். இந்திய சிவில் சேவைக்குத் தேறியும் அதில் நிலைக்காது, கொழும்பு ஆனந்தாக் கல்லூரியில் உப அதிபராகவும், இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராகவும் பணியாற்றினார்.

அவர் கணிதம் வகுப்பறையோடு நின்றுவிடவில்லை. டொனமூர் அரசியல் திட்டத்தின்படி அரசாங்க சபையினர் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிவர். ஒவ்வொரு குழுவும் தெரிவுசெய்யும் தலைவரே மந்திரியாவார். எக்குழுவில் எவரெவர் அமர்ந்தால் ஏழிடமும் சிங்களவர்க்கே வாய்க்கும் என்று 1936இல் கணக்கிட்டுக் கொடுத்தவர் இத்தமிழ்ப் பேராசிரியரே என்பர். தெரிவான மந்திரிமாருள் தமிழர் ஒருவரேனும் இருக்கவில்லை.

1947இல் வவுனியாத் தொகுதியில் வென்று, டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சரானார். மலையகத் தோட்டத் தொழிலாளரைப் பெரிதும் பாதித்த இந்திய, பாகிஸ்தானியர் பிரசாவுரிமை மசோதா 1948 டிசம்பரில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, அவர் சபையை விட்டு வெளியேறினார். பிரதமர் விளக்கங் கேட்கவே, பதவியையே துறந்தார். பிற்காலத்தில், தனித் தமிழரசு வேண்டுமென முழங்கிய முன்னோடிகளுள் ஒருவருமானார். ‘அடங்காத் தமிழன்’ என மக்கள் அழைத்தமை பொருத்தமேயாம்.

ஆயின், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுட் சென்று வழிபட ஒடுக்கப்பட்ட மக்கள் திரண்டபோது, வாயிலை மறித்து நின்றோருள் முதல்வராய் நின்றவரும் இவரே. எழுபது வயதைக் கடந்த அப்பேராசிரியர், கோயில் வழமையை மாற்றும் உரிமை எவர்க்கும் இல்லையென வாதிட்டார். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர்மீது தொடுக்கப்பட்ட வழக்கு, இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது.

தோட்டத் தொழிலாளரை அரசு புறத்தே நிறுத்தியபோது அநீதி எனக் கண்டவர், தமிழரைத் தமிழரே கோயிலுக்குப் புறத்தே நிறுத்தியதை வழமை எனக் கொண்டார். 1985இல் அவர் மறைந்தார். அவருடைய அறிவையும் துணிவையும் போற்றுவோர், அவை இரண்டும் அக்கோயில் வாயிலில் எவருக்கு எதிராக நின்றன என்பதையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.