இடம் மாறிய இரு சொற்கள்

சான்றோர் பொன்மொழிகளை ஏட்டில் பொறித்துப் போற்றுகிறோம். அவை செயலாகி நின்ற வரலாற்றை எண்ணிப் பார்ப்பது அரிது. காந்தியடிகளின் வாக்கொன்றை ஈண்டு நோக்குவோம்.

‘கடவுளே உண்மை’ என்று நெடுநாள் கூறிவந்தவர் அடிகள். 1931 டிசம்பரில், வட்டமேசை மாநாடு முடிந்து திரும்புகையில், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உரையாற்றினார். அங்கே, ‘உண்மையே கடவுள்’ எனத் தாம் மாற்றிக்கொண்டதன் காரணத்தை விளக்கினார். கடவுளை மறுப்போர் உளர். உண்மையின் ஆற்றலை மறுப்போர் இலர் என்பது அவர் கருத்து. ஆங்கில நாத்திகர் பிராட்லாவையும் அப்போது மதிப்புடன் நினைவுகூர்ந்தார். 1891இல், இலண்டனில் சட்டம் பயின்ற நாளில், பிராட்லாவின் இறுதிச் சடங்கிற்குச் சென்றவர் அன்றோ அடிகள்!

சொற்கள் இரண்டே. இடம் மாறியதும் எழுவாய் பயனிலையாயிற்று, பொருளும் விரிந்தது. முன்னைய வாக்கு அடியாரை அழைத்தது. பின்னையது மறுப்போர்க்கும் இடமளித்தது.

அவ்விடத்தில் வந்து நின்றவர் ஆந்திர நாட்டு நாத்திகர் கோரா. தம் மகளைத் தீண்டாமைக் கொடுமைக்கு உள்ளான குலத்து இளைஞர் ஒருவருக்கு மணம் செய்விக்க அவர் முன்வந்தார். சேவாகிராமத்தில் அத்திருமணத்தை நடத்த அடிகள் இசைந்தார். சடங்கில் கடவுளின் பெயருக்கு மாற்றாக உண்மையின் பெயரைச் சொல்லவும் உடன்பட்டார். 1948 சனவரி 30இல் அடிகள் மறைந்தார். எனினும், அவ்வாண்டு மார்ச்சில் திருமணம் சேவாகிராமத்திலேயே நிகழ்ந்தது.

சொன்னவர் மறைந்த பின்னரும் சொல் செயலாயிற்று. பொன்மொழி என்னும் பெயர் அத்தகைய சொல்லுக்கே பொருந்தும் என்போம்.