இலைக்குக் கிடைத்த வெப்பம்

நுவரெலியா கடல் மட்டத்திற்கு மேல் ஆறாயிரம் அடிக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. தை, மாசி மாதங்களின் விடியற்காலைகளில் உறைபனி விழுந்து கொழுந்தைக் கருக்கிவிடுவதுண்டு. இத்தகைய குளிர் மலையில் யாருக்கு எத்துணை வெப்பம் கிடைத்தது என்பதும் வரலாறுதான். நம் பாடநூல்களோ, 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட செய்தியைச் சொல்லி மேலே சென்றுவிடுகின்றன.

பறித்த கொழுந்தில் ஏறத்தாழ முக்காற் பங்கு நீர். அதனை நூற்றுக்கு மூன்று அளவிற்குக் குறைத்தால்தான் தேயிலை கெடாமற் கப்பலேறும். ஆகவே தோட்டத்தின் முதல் அடுப்பு ஸ்டோரின் அடுப்பாயிற்று. டெயிலர் களிமண் அடுப்பில் கரிநெருப்பு மூட்டி, கம்பித் தட்டுகளில் இலையை உலர்த்தினார். பிறகு பெல்பாஸ்ட் நகரத்துச் சாமுவேல் டேவிட்சனின் 'சிரோக்கோ' உலர்த்திகள் வந்தன. அடுப்பின் வெப்பக் காற்றை விசிறிகள் மேல்மாடிகளுக்கும் ஏற்றின. அங்கே கொழுந்து பரப்பி வாட்டப்பட்டது. வெப்பமானி பார்த்து இலைக்குச் சூடு அளந்தார்கள்! ஒரு கிலோ தேயிலையை உலர்த்த ஒரு கிலோவுக்கும் மேற்பட்ட விறகு வேண்டும். காடு குறைந்தபோது, விறகுக்கென்றே தோட்டங்கள் யூகலிப்டஸ் நட்டன.

துரையின் பங்களாவில் கணப்படுப்பு இருந்தது, புகைபோக்கியும் இருந்தது. லயத்துக் காம்பராவோ பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதன் மூலையிலோ இஸ்தோப்பிலோ அடுப்பு. புகைபோக்கி கிடையாது. அடுப்பை மூட்டினால் புகை, அணைத்தால் தகரக் கூரையின் குளிர். பகலெல்லாம் கொழுந்து பறித்த பெண்கள் மாலையில் கவ்வாத்து மிலாறைக் கட்டிச் சுமந்து வந்தனர். மெல்லிய மிலாறு விரைந்து எரிந்து தீர்ந்துவிடும்; சோறு வெந்தபின் இரவு முழுதும் கனன்று கிடக்க அதில் என்ன இருக்கிறது? எஞ்சியது கம்பளியே.

நீர்மின்சாரமும் இம்மலையிலேதான் பிறந்தது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா, நுவரெலியா நகருக்கு ஒளி தருவதற்காக நானுஓயாப் பாதையிலுள்ள பிளாக்பூலில் சிறு நீர்மின் நிலையமொன்றை 1912இல் அமைத்தார். 1918இல் நாட்டின் நீர்வலிமை பற்றிய ஆய்வுரையை அறிஞர் அவையில் படித்தார். 1924இல் தொடங்கிய லக்சபானப் பணி சில ஆண்டுகளில் நிறுத்தப்பட்டு, 1950இல்தான் நிறைவேறியது. அவருடைய பெயர் தாங்கிய நிலையம் காசல்ரீ நீரைக்கொண்டு 1965இல் இயங்கலாயிற்று. 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கம் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே நீருள் மூழ்கியது. நீர் வற்றும் காலங்களில் கோயிலின் சிதைவு இன்றும் தலைகாட்டும்.

அந்த மின்சாரம் கம்பியேறிக் கொழும்பிற்குப் போயிற்று. நீர்த்தேக்கத்தின் கரையிலிருந்த லயங்களிலோ பல பத்தாண்டுகள் குப்பி லாம்பே எரிந்தது. தொழில்நுட்பத் தடை இதற்குக் காரணமன்று என்பதே நம் கருத்து. ஸ்டோருக்குச் சென்ற கம்பி, சில நூறு அடிகள் தள்ளியிருந்த லயத்திற்குச் செல்லவில்லையே! 1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது; வாக்கில்லாதவன் யாரிடம் விளக்குக் கேட்பான்? காம்பராவும் அவனுடையதன்று, தோட்டத்தினுடையது. 1972, 1975 நிலச்சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னும் இந்த உடைமைமுறை மாறவில்லை.

இப்போது பெரும்பாலான லயங்களுக்குக் கம்பி வந்திருக்கிறது. ஏழு பேர்ச் காணியில் எழுந்த புதிய வீடுகளிற் சமையலறை தனியாக உண்டு. ஆனால் நாட்கூலியில் வாழும் குடும்பம் மின்சாரத்தில் உலை வைக்க இயலாது. அடுப்பில் எரிவது இன்றும் பெரும்பாலும் விறகே. அதைச் சுமப்பவர்களும் பெரும்பாலும் அந்தப் பெண்களே.