வானமா பொய்த்தது?

மழை தவறிய ஆண்டுகளில் கோவில்பட்டிச் சீமையின் கரிசல் ஊர்களிலே கொடும்பாவி கட்டி இழுப்பார்கள். வீடு வீடாகத் தவசம் தண்டி மழைக்கஞ்சி காய்ச்சி ஊற்றுவார்கள். ஏட்டறிவு எட்டாத ஏழை உழவன், காய்ந்த பயிரைக் கண்டு கலங்கிச் செய்த செயல் அது. அவனை நாம் ஏளனம் செய்யமாட்டோம். ஆனால், 2019-ஆம் ஆண்டில் வறட்சி வாட்டியபோது, மழை வேண்டிக் கோயில்களில் யாகம் நடத்துமாறு அறநிலையத் துறையே சுற்றறிக்கை விடுத்ததே, அதை என்னென்பது! மழையை அளக்கக் கருவியும், மேகத்தைக் காண விண்கோளும் கைவசம் உள்ள காலத்தில், ஆள்வோரும் உழவனும் ஒருசேர வானத்தையே பார்த்திருந்தனர். ஒருமுறை குனிந்து ஓடையைப் பார்த்தாரில்லை.

வானத்தின் மீது சுமத்தப்படும் பழியை முதலில் விசாரிப்போம். கோவில்பட்டி வட்டாரத்தில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை சராசரியாக ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். இலண்டன் மாநகரிலே பெய்வது 60 சென்டிமீட்டர் அளவுதான்! அங்கே அது ஆண்டு முழுவதும் தூறலாய் விழுகிறது, வெயிலும் கடுமையில்லை. இங்கோ ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெரும்பகுதி கொட்டி முடிந்துவிடுகிறது. எஞ்சிய நாளெல்லாம் வெயில் குடிக்கிறது. மண்ணும் தனிப்போக்குடையது. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல், முதல் மழையை வெடிப்புகளின் வழியே உள்ளிழுக்கும்; நனைந்ததும் உப்பி வெடிப்பை மூடிக்கொள்ளும். அதன்பின் பெய்வதில் பெரும்பகுதி நிலத்தில் இறங்காது, மேலோடு ஓடும். ஓடும் நீரைத் தேக்கினால் வாழ்வு, ஓடவிட்டால் வறட்சி. கரிசலின் வரலாறு முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கும்.

தேக்கும் கலையை இந்நாட்டு உழைப்பாளி நன்கறிந்திருந்தான். ஊர்ப் பெயர்களே சான்று கூறும்: விளாத்திகுளம், கரிசல்குளம், இளையரசனேந்தல். ஏந்தல் என்றால் ஏரி என்று பொருள். குடிப்பதற்கு ஊருணி அமைத்தான். பாசனத்திற்குக் கண்மாய் வெட்டினான். மேட்டு நிலத்து நீர் ஓடையாய்த் திரண்டு, வரத்துக்கால் வழியே கண்மாயை நிரப்பும். நிரம்பியது போக மிஞ்சியது கலுங்கு தாண்டி, மறுகாலாய் அடுத்த ஊர்க் கண்மாயைத் தேடிச் செல்லும். அவ்வாறு ஊருக்கு ஊர் கைமாறிய நீரில் எஞ்சியது, சாத்தூரையும் விளாத்திகுளத்தையும் தொட்டு மன்னார் வளைகுடாவில் கலக்கும் வைப்பாற்றில் விழும். கோடையில் கண்மாய் வற்றியதும், அதன் வயிற்றில் படிந்த கரம்பை மண்ணை வண்டி வண்டியாக அள்ளிக் கரிசல் காட்டில் இட்டனர். கண்மாய் ஆழமாயிற்று, காடு உரம் பெற்றது.

இதைக் கூறியவுடனே, "ஆகா, அந்தக் காலமே பொற்காலம்!" என்று பெருமூச்சு விடுவோர் உண்டு. அவர்களைக் கேட்கிறோம்: யாருக்குப் பொற்காலம்? தென்மாவட்டங்களில் மடையைத் திறந்து வயல்தோறும் நீரைப் பங்கிட்டவன் நீர்பாய்ச்சி. பல ஊர்களில் அவன் ஒடுக்கப்பட்ட குலத்தவன். கரை உடையுமோ என்று கொட்டும் மழையில் இரவெல்லாம் காவல் காத்தவன் அவனே. ஆனால் ஊருணியில் இறங்கி ஒரு கை நீர் மொண்டு குடிக்க அவனுக்கு உரிமையில்லை! பொதுக்கிணறும் குளமும் சாலையும் எல்லா மக்களுக்கும் உரியவை என்று சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது, 1924-ஆம் ஆண்டில். மகாடு நகரத்துக் குளத்து நீரை அள்ளிப் பருக அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிச் செல்ல வேண்டியிருந்தது, 1927-ஆம் ஆண்டில். உழைப்பு பொது, உரிமை சிலருக்கு என்றிருந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று போற்ற நம்மால் இயலாது.

மேலே ஜமீன் இருந்தது. எட்டயபுரம் போன்ற ஜமீன்களின் ஆட்சியில் கண்மாயும் ஓடையும் அரண்மனைக்கு அடங்கியவை. விளைச்சலில் பங்கு கேட்கத் தவறாத கை, கரையைச் செப்பனிட நீண்டதா? 1908-ஆம் ஆண்டின் நிலச்சட்டம், ஜமீன் கண்மாய்களைச் செப்பனிடக் கோரிக் குடிகள் கலெக்டரிடம் முறையிட வழிசெய்தது. முறையிடும் நிலை இருந்ததற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஜமீனுக்கு மேலே வெள்ளையர். தீர்வையைத் தவறாது தண்டிய அவர்கள், கண்மாய் மராமத்தை மட்டும் குடிகளின் தலையில் கட்டி, மறுத்தால் தண்டிக்க 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றினர். ஊரார் கூடிச் செய்த குடிமராமத்து, சட்டத்தின் சாட்டைக்கு அஞ்சிச் செய்யும் வேலையாயிற்று. 1876 முதல் 1878 வரை தாது ஆண்டுப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியபோது, தூர்ந்த கண்மாய்கள் எங்ஙனம் காக்கும்? அதே 1878-இல் அமெரிக்க நாட்டிலே பாவெல் என்ற நில ஆய்வாளர் வறண்ட நிலங்களைப் பற்றி ஓர் அறிக்கை தந்தார். நீரின் போக்கை அறிந்து நிலத்தைப் பங்கிடுக; நீர் வேறு நிலம் வேறாகப் பிரியாது காத்திடுக என்பது அவர் கருத்து. அந்நாட்டார் அன்று அதற்குச் செவிசாய்க்கவில்லை. நாமோ இன்றும் சாய்க்கவில்லை!

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் ஒழிந்தது, பெரும் வெற்றிதான். கண்மாய்கள் மக்கள் அரசின் கைக்கு வந்தன. வந்தபின் நடந்தது என்ன? 100 ஏக்கருக்கு மேல் பாசனமுள்ளவை பொதுப்பணித் துறைக்கு, சிறியவை ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பங்கு பிரிந்தன. இரண்டுக்கும் நீர் கொண்டுவரும் ஓடை, யாருடைய பிள்ளையும் ஆகாமல் அனாதையாயிற்று. ஓடைக்கரையை உழுதவர் உழுதார். மணலை அள்ளியவர் அள்ளினார். மிச்சத்தைச் சீமைக்கருவேலம் வளைத்துக்கொண்டது. ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் வந்த சட்டமும் பொதுப்பணித் துறையின் ஏரிகளைக் கருதியே இயற்றப்பட்டது. 2017-இல் குடிமராமத்து மீண்டும் தொடங்கிற்று. கரம்பை அள்ள உழவருக்கு அனுமதியும் கிடைத்தது. வரவேற்கிறோம். எனினும் கரையை உயர்த்திவிட்டு வரத்துக்காலை அடைபட விட்டால், உண்ணாதவன் வயிற்றில் ஒட்டியாணம் பூட்டியது போலன்றோ ஆகும்! கோவில்பட்டி நகரம் சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியே வரும் தாமிரபரணி நீரைக் குடிக்கிறது. சுற்றிலும் கண்மாய்கள் இருக்க, அயலூர் ஆற்றை நோக்கிக் குடம் காத்திருக்கிறது.

அடைபட்ட ஓடை வறட்சியோடு நிற்பதில்லை. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தூத்துக்குடி மாவட்டத்தில் பேய்மழை பொழிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். கோவில்பட்டியில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். கரைகள் உடைந்தன; ஊர்கள் மிதந்தன; கால்நடைகள் மாண்டன. அத்தனை பெரிய மழைக்கு எந்த ஏற்பாடும் முற்றும் ஈடுகொடுக்காது என்பதை ஒப்புகிறோம். ஆயினும் வழி இருந்த நீர் வழியே போகும்; வழியிழந்த நீர் வீட்டுக்குள்தான் வரும். வறட்சியில் அழுவதும் வெள்ளத்தில் அழுவதும் ஏழையே. தாழ்ந்த பகுதியில் குடிசை கட்டியவன் அவனே.

ஆகவே நாம் கேட்பது யாகமன்று, கணக்கு! பழைய அளவைப் பதிவேடுகளில் ஓடை என்று குறித்த நிலம் இன்று எவர் கையில் உள்ளது என்பதை ஊர்தோறும் கிராமசபையில் படித்துக்காட்டுக. 1985-இல் விருதுநகர், 1986-இல் தூத்துக்குடி, 2019-இல் தென்காசி என்று எல்லைகள் பிரிந்தன. வைப்பாறு அந்த எல்லைகளை அறியாது. ஆற்றுக்கு ஒரே அவை அமைத்து, அதன் எல்லா ஓடைகளையும் அதன் காவலில் வைத்திடுக. மடை திறக்கும் நீர்பாய்ச்சிக்கு முறையான ஊதியமும், அந்த அவையில் இடமும் தருக. சேரியின் பங்கும் ஊரின் பங்கும் ஒன்றென எழுதுக.

ஓடை பொதுச்சொத்து. பொதுச்சொத்தைச் சிலர் விழுங்குவதை ஊர் பொறுத்துக்கொண்டால், எத்தனை கொடும்பாவி இழுத்தும் பயனில்லை. கரிசல் மண் இன்னும் வெடித்துக் காத்திருக்கிறது. வானம் தன் பங்கைத் தந்துகொண்டுதான் இருக்கிறது; நம் பங்கைத்தான் நாம் இன்னும் செலுத்தவில்லை.