தும்பிக்கை லை

போன வாரம் வீட்டில் ஒரு சின்னப் பஞ்சாயத்து. பையனுக்குப் பதின்மூன்று வயது. 'மேஜிக்: த கேதரிங்' என்கிற சீட்டு விளையாட்டு என்றால் அவனுக்கு உயிர். புது பாக்கெட்டைப் பிரித்தவன், "அப்பா, சின்னத்தை எல்லாம் மாத்திக் கெடுத்து வச்சிருக்காங்க" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். சுண்டுவிரல் நகம் அளவு சின்னத்துக்கு இத்தனை கோபமா என்று சிரித்தேன். அப்புறம் அதன் சரித்திரத்தைக் கொஞ்சம் தோண்டினேன். தோண்டுவது நம் ஊர்ப் பழக்கம்தானே :-)

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித ஆசிரியர் உருவாக்கிய இந்த விளையாட்டு 1993 ஆகஸ்டில் வந்தது. சீட்டுகளை வாங்கிச் சேர்த்து, மாற்றி, அவரவர் கட்டை அவரவரே அமைக்க வேண்டும். அதே டிசம்பரில் 'அரேபியன் நைட்ஸ்' தொகுப்பு வந்தபோது சீட்டின் முதுகுப் பக்கத்தை மாற்றுவதாகத் திட்டம். முதுகு வேறானால் பழைய கட்டோடு கலந்து ஆட முடியாதே! எதிர்ப்பு எழ, கடைசி நேரத்தில் திட்டத்தைக் கைவிட்டு, முன்பக்கத்தில் சின்னதாக ஒரு வளைந்த வாளை மட்டும் அச்சிட்டார்கள். தொகுப்புச் சின்னம் பிறந்த கதை அது.

சீட்டைப் பக்கவாட்டில் திருப்பச் சொல்லும் சின்னம் 1994-இல் சாய்ந்த 'டி' எழுத்தாக இருந்தது. ஆங்கிலம் தெரியாதவனுக்கு அது என்ன புரியும்? 1995-இல் அம்புக்குறி வந்தது. 1998-இல் 'எக்ஸோடஸ்' தொகுப்பிலிருந்து சின்னத்துக்கு நிறம் கொடுத்தார்கள். சாதாரணச் சீட்டுக்குக் கறுப்பு, அடுத்ததுக்கு வெள்ளி, அரிதானதற்குத் தங்கம். கோலார் தங்கவயல்காரனுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

பெரிய கலவரம் 2003-இல். எட்டாம் பதிப்பில் சீட்டின் சட்டகம், எழுத்துரு எல்லாம் மாறின. ஆட்டத்தையே விட்டுவிடுவோம் என்றார்கள் பலர். வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிடவும் முடியாது. வெள்ளைச் சீட்டும் கருவிச் சீட்டும் ஒரே மாதிரி தெரிந்தன. 2004-இல் கருவிச் சீட்டின் நிறத்தை அடர்த்தியாக்கித் திருத்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், 2006-இலும் 2021-இலும் அதே பழைய சட்டகத்தைத் திரும்ப அச்சிட்டபோது ஆட்டக்காரர்கள் ஆசையாக வாங்கினார்கள்.

இதைப் படித்தபோது அம்மா ஞாபகம் வந்தது.

தமிழில் ணை, லை, ளை, னை எல்லாம் ஒரு காலத்தில் முன்னால் தும்பிக்கை வைத்துக்கொண்டிருந்தன. பெரியார் 1935-இலேயே 'குடி அரசு' இதழில் அதை வெட்டினார். எம்.ஜி.ஆர். அரசு 1978-இல் ஆணை போட்டது. நாங்கள் இருந்தது கர்நாடகத்தில். சென்னை ஆணை எங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் சென்னையிலிருந்து ரயிலில் வந்த பத்திரிகைகள் மாறின, நாங்களும் மாறினோம். அம்மா மட்டும் மாறவில்லை. "என் கை அப்படித்தான்டா போகும்" என்பார்.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அப்பா சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்தவர். அடுத்த வாரம் அம்மா எழுதிய இன்லேண்ட் லெட்டர் இன்னும் என்னிடம் இருக்கிறது. பையனிடம் எடுத்துக் கொடுத்தேன். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகிறவன், எழுத்துக் கூட்டிப் படித்தான். இரண்டு வார்த்தையில் தடுக்கி நின்றுவிட்டான்.

"வே... இதென்னப்பா, யானை மாதிரி?"

"லை. அது வேலை. அடுத்தது இல்லை."

"அப்பாவுக்கு வேலை இல்லை" என்று சேர்த்துப் படித்தவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு தாளை எடுத்து அந்தத் தும்பிக்கை லையை நாலைந்து தடவை எழுதிப் பார்த்தான். "இதுதான்பா நல்லா இருக்கு, ஏன் மாத்தினாங்க?" என்றான்.

மாற்றியது சரிதான். தட்டச்சுக்கும் அச்சுக்கும் சுலபம், படிக்கிற பிள்ளைக்கும் சுலபம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பழைய எழுத்தை ஒரு தடவையாவது பிள்ளைகளுக்குக் காட்டி வையுங்கள். இல்லாவிட்டால் பாட்டி எழுதிய கடிதம் வீட்டில் இருந்தும் படிக்க ஆள் இருக்காது.

உங்கள் வீட்டிலும் இப்படிக் கடிதங்கள் இருக்கிறதா?